விட்டுப்போன பாங்கு

பளீல் ஹாஜியார் செருப்பை வாசலிலேயே கழற்றிவிட்டு, பூனைபோலக் கால் வைத்து அறைக்குள் புகுந்தார். கட்டிலில் கிடந்தவன் நல்ல தூக்கத்தில் இருந்தான். கதவைச் சத்தமில்லாமல் சாத்திவிட்டு, தலையணையை இரண்டு கையாலும் மெல்லப் பிடித்தார். இன்றைக்கு விட்டால் இனிச் சந்தர்ப்பம் கிடைக்காது.

கட்டிலில் கிடந்தவன் வேறு யாருமில்லை, அவர் பெற்ற மகன் நபீல்தான். தலைக்குக் கீழே வைக்கவேண்டிய தலையணையைக் காதுக்கு மேலே வைத்து அமுக்கிக்கொண்டுதான் அந்த மகான் உறங்குவார். தொட்டிலில் கிடந்த காலத்திலேயே பிஞ்சுக் கையால் காதைப் பொத்திக்கொண்டு படுத்தவன்.

நாளைக்கு அவனுக்கு நிக்காஹ். முடிந்த கையோடு மாப்பிள்ளை திகன ஊரிலுள்ள பெண் வீட்டோடு போய்விடுவான். இருபத்தாறு வருடமாக இன்று நாளை என்று தள்ளிப்போட்ட காரியத்தைப் பளீல் இப்போதே முடித்தாகவேண்டும்.

தலையணையை உருவினார். குனிந்து, மகனின் வலக்காதில் வாயை வைத்து, "அல்லாஹு அக்பர்" என்று கிசுகிசுத்தார்.

பளார் என்று ஒரு அடி அவருடைய தாடியில் விழுந்தது.

"யாரு? வாப்பாவா?"

"நுளம்பு மகன், காதுல கடிக்க வந்த நுளம்பு. நீங்க படுங்க."

"நுளம்பு பாங்கு சொல்லுதா வாப்பா?" என்று கண்ணைத் திறக்காமலே கேட்டுவிட்டு நபீல் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டான்.

தாடியைத் தடவிக்கொண்டு பளீல் நிமிர்ந்தால், கதவடியில் மனைவி றிஸானா நிற்கிறாள்.

"கல்யாண வேல தலைக்கு மேல கெடக்குது. நீங்க இங்க என்னத்த செய்றீங்க?"

குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பது சரிதான். கடையில் பத்துப் பேரை ஒரே அதட்டில் நிறுத்தும் ஹாஜியார், மனைவியை முன்னறைக்குக் கூட்டிப்போய்க் கதிரையில் உட்கார வைத்து, கையைப் பிசைந்துகொண்டே பழைய குற்றத்தை ஒப்புக்கொண்டார்.

பிள்ளை பிறந்ததும் தகப்பன் அதன் வலக்காதில், தொழுகைக்கு அழைக்கும் பாங்கைச் சொல்வது முறை. மூத்தவள் பர்ஹானா பிறந்தபோது பளீல் சொன்ன பாங்கில் ஆஸ்பத்திரி வார்ட் முழுக்க எழுந்து உட்கார்ந்தது. சுற்றியிருந்த குழந்தைகள் எல்லாம் ஒருமிக்க அலற, தாதி அவரைப் பிடித்து வெளியே தள்ளாத குறை.

அந்தப் பயத்தில், அடுத்து நபீலும் ஹுதைபாவும் என்று இரட்டைப் பையன்கள் பிறந்தபோது வெகு பவ்வியமாகச் சொன்னார். ஒருவனுக்குச் சொல்லித் தொட்டிலில் கிடத்தினார். கொஞ்ச நேரம் ஆனந்தக் கண்ணீர் வடித்தார். பிறகு தொட்டிலில் கிடந்தவனைத் தூக்கி, அவனுக்கும் சொல்லி முடித்தார். அப்போதுதான் தாதி இன்னொரு பிள்ளையைக் கொண்டுவந்து, "இவர இப்பதான் நிறை பார்த்துட்டு வாறோம்" என்று பக்கத்தில் போட்டு, இரண்டையும் தூக்கி மாற்றிக் கிடத்தினாள்.

சுற்றியிருந்தது ஒரே மாதிரித் துவாய், ஒரே மூஞ்சி. எவனுக்கு இரண்டு தரம் சொன்னோம், எவனுக்குச் சொல்லவே இல்லை என்பது படைத்தவனுக்குத்தான் வெளிச்சம். இரண்டு பேருக்கும் திரும்பச் சொல்லியிருக்கலாமே என்றால், பக்கத்தில் மாமனார் நின்று "மருமகன் என்ன அழகாச் சொன்னாரு" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். அதைக் கேட்ட பிறகு மருமகன் எப்படித் திரும்பச் சொல்வார்?

"எவனுக்கு விட்டுப்போச்சுன்டு பதினஞ்சு வருஷம் போனதுக்குப் பொறகுதான் றிஸானா எனக்கு விளங்கிச்சு" என்றார் பளீல். "ஹுதைபாவப் பாரு. யாரும் எழுப்பாம விடியச் சுபஹு தொழுகைக்கு எழும்பினான். இன்டைக்கு நம்மட தெருப் பள்ளியில அஞ்சு நேரமும் பாங்கு சொல்றதே அவன்தான். ரெண்டு தரம் கேட்ட காது அது. இவனப் பாரு. நாளைக்கு மாப்புள, உச்சிப் பகல் லுஹர் நேரமாகியும் கட்டில்ல கெடக்குறான். இதுக்கு மேல என்ன சாட்சி வேணும்?"

"அதுக்கா இப்ப காதுல போய் ஊதினீங்க?"

"பாவம், புள்ளையில என்ன பிழை? பிழை என்னுது. அதனாலதான் நான் இவன ஒரு நாளும் ஏசினதில்ல. ஹுதைபாக்கு பழைய சைக்கிள், இவனுக்குப் புது மோட்டார் சைக்கிள். எல்லாம் மனசுல கெடந்து குத்துன அந்தக் கைசேதத்தாலதான். வரப்போற மருமக இல்மாட வாப்பா கைல இவன ஒப்படைக்கிறதுக்கு முந்தி என்ட கடமைய முடிச்சிடணும்."

றிஸானா தலையைக் குனிந்துகொண்டாள். அவளுடைய தோள் குலுங்கியது. அழுகிறாளாக்கும் என்று பளீலுக்கு இன்னும் மனசு கரைந்துவிட்டது. நிமிர்ந்தபோது பார்த்தால், சிரிப்பை அடக்க முடியாமல் முகம் சிவந்திருந்தது.

"பக்கத்துக் கட்டில்ல நான் முழிச்சிட்டுத்தானே கெடந்தேன். எல்லாத்தையும் பார்த்தேன்."

"பார்த்தியா? அப்ப அன்டைக்கே ஏன் சொல்லல்ல?"

"நீங்களும் அழுறீங்க, எங்கட வாப்பாவும் அழுறாங்க. ரெண்டு ஆம்புளைங்க நின்டு அழுற நேரம் நான் என்னத்தச் சொல்ற? எவனுக்கு விட்டுப்போச்சுன்டு எனக்குத் தெரியும். என்ட புள்ளைங்கள எனக்கு அடையாளம் தெரியாதா?"

"எனக்கும் தெரியும். அதான் நபீலுக்கு..."

தெருமுனைப் பள்ளிவாசல் ஒலிபெருக்கி கரகரத்தது. லுஹர் பாங்கு தொடங்கியது. ஹுதைபாவின் குரல் கணீரென்று தெரு முழுவதும் நிறைந்தது. றிஸானா துணியை இழுத்துத் தலையில் போட்டுக்கொண்டு, ஜன்னல் பக்கம் கையைக் காட்டினாள்.

"நீங்க சொல்லாம விட்டவன், அந்தா சொல்றான்."