கங்காணி புதைத்த ஒன்பது

வெள்ளைக்காரன் போட்ட அவசரகாலத்தில், நாகரத்தினத்தின் புருஷன் தேயிலை மலைக்குச் சோறு கட்டிக்கொண்டு போனதைச் சொல்லி, அவன் காட்டுக் கம்யூனிஸ்டுகளுக்கு ஆள் என்று கங்காணி சன்னாசி காட்டிக்கொடுத்தான். பட்டாளம் லோரியில் ஏற்றிப்போனது. அவள் வளர்த்த சினைப்பன்றியைக் கங்காணி ஓட்டிப்போனான்.

அது ஒன்பது குட்டி போட்டது. குட்டிகளுக்குள் ஒரு குடம் பால் போனால், அந்தக் குடமும் பின்னால் பீய்ச்சியது. மூன்றே நாளில் ஒன்பதும் செத்தன. தோட்டத்து ஆஸ்பத்திரி டிரசர் செத்ததில் ஒன்றை அறுத்துப் பார்த்தார். குடல் வெங்காயத்தோலாய் மெலிந்திருந்தது.

"உள்ள துவாலை மாதிரி பிசிர் இருக்கும், அதான் பாலை உறிஞ்சும். எல்லாம் உதிர்ந்துபோச்சுலா."

அறுத்ததையும் சேர்த்து ஒன்பதையும் கங்காணி சுண்ணாம்பு போட்டுப் புதைத்தான். மறுநாள் காலை ஒன்பதும் தாய்மடியில் கொழுகொழுவென்று குடித்துக்கொண்டிருந்தன, காதெல்லாம் சுண்ணாம்பு.

"குட்டிங்களுக்குக் குணமாயிருச்சு போல," என்றாள் நாகரத்தினம், வேலியோரம் நின்று. "ஒங்க வயிறு எப்படி, கங்காணி?"

சற்றுமுன் கங்காணி குடித்த தேத்தண்ணி, ஆவிகூட அடங்காமல், அவன் கால்வழியே இறங்கிக்கொண்டிருந்தது.