கட்டை ஏரியல்

முபாரிஸின் ரேடியோக் கடை வாசலில் தன் வான் வண்டியை நிறுத்திவிட்டு, பஸ்தியான் அதைச் சுற்றிச் சுற்றி நடந்தார். நாளைக்கு மடு மாதா கோயில் திருவிழாவுக்கு இரண்டு வான்கள் போகின்றன. காட்டுப் பாதையில் போன் எடுக்காது, வோக்கி டோக்கிதான். மகள் டயனாவின் வானில் ரேடியோ, ஏரியல் எல்லாம் பொருத்திப் பூட்டியாயிற்று. பேசிப் பார்ப்பதற்காக அது இப்போது சில மைல் தள்ளிப் பாலாவிச் சந்தியில் நிற்கிறது. அதற்குள் அவருடைய மனைவி மக்தலேனா.

“அங்கிள், இந்த நீட்டு ஏரியலக் கூரையில வைங்க. அடியில காந்தம், விழாது.”

“யாவாரி சொல்றத நான் நம்புறதில்ல தம்பி. பூட்டிக் காட்டு.”

பூட்டியதும் மக்தலேனாவின் குரல் பக்கத்தில் நின்று பேசுவதுபோல் வந்தது.

“இஞ்சாருங்க, நல்லாக் கேக்குது. அப்ப நான் மகள்ட வான்லயே வாறன். வழிநெடுக உங்கட புறுபுறுப்பக் கேக்க என்னால ஏலாது. ஏதும் எண்டா இதில சொல்லுங்க.”

முபாரிஸ் சிரிப்பை அடக்கினான். பஸ்தியானுக்கு முகம் கறுத்தது.

“இது இரையுது. அந்தக் கட்டையானதப் பூட்டு.”

“அதில பேசினா குரல் சந்தையத் தாண்டாது அங்கிள்.”

“பூட்டு எண்டா பூட்டு.”

பூட்டினான். வெறும் இரைச்சல். பஸ்தியான் கூப்பிட்டுப் பார்த்தார், பதில் இல்லை.

“இதையே தா.”

“ஆன்ட்டிட வாய அடைக்கத்தானே அங்கிள்?”

அதற்குள் போன் அடித்தது. மக்தலேனா. “என்ன, உங்கட சத்தத்தக் காணல்ல?”

“பாலாவிக்கே எட்டல்ல, காட்டுக்குள்ள எங்க எட்டப்போகுது?” என்றார் பஸ்தியான். “நீ என்ர வான்லயே வா. முன் சீட்டத் துடைச்சு வச்சிருக்கிறன்.”