வெஸ்லியின் தொண்டை

வெஸ்லி வாயைத் திறந்தான். பதினொரு வயதுக் குரல் வந்தது.

அவனுக்கு இப்போது பதினாறு. மீசை வந்துவிட்டது. போன ஞாயிற்றுக்கிழமை கோயில் வாசலில் எனக்குத் தோத்திரம் சொன்னபோது தகரத்தைத் தரையில் இழுத்த மாதிரி இருந்தது.

பழைய பாட்டு டிராக்கைப் போட்டுவிட்டு வாயசைக்கிறான் என்று நினைத்தேன். சந்தோஷமாக இருந்தது.

மல்காஜ்கிரி மண்டபத்தில் வரதராஜன் மகனுக்கு ரிசப்ஷன். வரதராஜன் என்னோடு ரயில்வே வொர்க்‌ஷாப்பில் இருந்தவன். முட்டி வலி, போகப்போவதில்லை என்று வீட்டில் சொல்லியிருந்தேன். கச்சேரி என் தம்பி பிள்ளைகளுடையது என்று தெரிந்ததும் வந்துவிட்டேன். வலியும் கூடவே வந்தது.

ரயான் கீபோர்டு, அபிகாயில் கித்தார், சின்னவன் வெஸ்லி பாட்டு. கொரோனா வருஷம் மெட்டுகுடா குவார்ட்டர்ஸ் மாடிப்படியில் உட்கார்ந்து பாடி ஃபோனில் போட்டார்கள். நாற்பது லட்சம் பேர் பார்த்தார்களாம். அப்புறம் டிவி, விளம்பரம், துபாய். தம்பி எட்மண்ட் தெருவில் நடப்பதையே விட்டுவிட்டான்.

அந்தப் படியில் உட்கார என் மகள் செலினையும் கேட்டான். நான் விடவில்லை. கோயில் பாடகர் குழு போதும், கண்டவனும் பார்க்க என் பெண் பாடமாட்டாள் என்றேன்.

அந்த நாற்பது லட்சத்தை அதற்குப் பிறகு ஒருநாளும் மறக்கவில்லை.

செலின் அமீர்பேட்டில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் இருக்கிறாள். சாயங்கால பேட்ச். வீட்டுக்கு வர ஒன்பது ஆகும்.

வெஸ்லியின் குரல் உடைந்ததோடு இவர்கள் ஆட்டமும் அடங்கியது. புதுப் பாட்டை யாரும் சீண்டவில்லை. கல்யாண மண்டபம்தான் மிச்சம். இங்கேயும் அந்த ஒரே பாட்டைத்தான் கேட்கிறார்கள், அதே பொடிக்குரலில்.

பாட்டின் நடுவே ஓரிடத்தில் மணப்பெண்ணின் பெயரைச் சேர்த்துப் பாடுவது வழக்கம். பெண் வீட்டார் அதற்காகவே காத்திருப்பார்கள்.

"ஹம்ஸினி" என்றது குரல். இழுத்து, குழைத்து, அந்தப் பெண் தலையைக் குனிகிற மாதிரி.

கூட்டம் விசிலடித்தது.

நான் எழுந்தேன். ஐந்து வருஷத்துக்கு முந்தின டிராக்குக்கு இன்றைக்குக் கல்யாணமான பெண்ணின் பெயர் எப்படித் தெரியும்?

மேடைக்குப் பின்னால் கறுப்புத் துணி தொங்கியது. அதன் மறைவில் யாரையோ வாடகைக்குப் பிடித்து நிறுத்தியிருக்கிறார்கள். அந்தக் கறுப்புத் துணியை ஒரு இழுப்பு இழுத்தால் மண்டபமே பார்க்கும். நாளையிலிருந்து எட்மண்டும் எல்லாரையும் போல நடப்பான்.

"பெரியப்பா, அங்க நக்கோ, போகாதீங்க. வயர் கெடக்கு" என்றான் ரயான், கீபோர்டிலிருந்து கையை எடுக்காமல்.

"உங்கப்பன் பொறக்குமுன்ன வயர் பாத்தவன்டே நான். நீ வாசி."

துணியின் ஓரத்தைப் பிடித்தேன். இழுப்பதற்குமுன், ஆள் யாரென்று எட்டிப் பார்த்தேன்.

செலின்.

பிளாஸ்டிக் நாற்காலியில், கழுத்தில் சென்டர் அட்டையைக்கூடக் கழற்றாமல், மைக்கை இரண்டு கையாலும் பிடித்துக் கண்ணை மூடிப் பாடிக்கொண்டிருந்தாள்.

கண்ணைத் திறந்தாள். என்னைப் பார்த்ததும் முகம் வெளுத்துவிட்டது.

குரல் மட்டும் ஆடவில்லை.

துணியை மூடினேன். ஃபேன் காற்றில் விலகிவிடாதபடி அதன் ஓரத்தைக் கையில் இறுக்கிக்கொண்டு அங்கேயே நின்றேன். ஐஸ்கிரீமோடு ஓடிவந்த இரண்டு பிள்ளைகளை அதட்டித் திருப்பி அனுப்பினேன்.

பாட்டு முடிந்தது. மண்டபம் கைதட்டியது. வெஸ்லி நெஞ்சில் கையை வைத்துக் குனிந்தான்.

வயிறு எரிந்தது. ஐந்து வருஷத்தில் இப்படி எரிந்ததில்லை.

எட்மண்ட் வேகமாக வந்தான். துணியைப் பிடித்திருந்த என் கையைப் பார்த்ததும் நின்றுவிட்டான்.

"அண்ணே, இங்க சண்டை வேண்டாம். வீட்டுல வச்சு என்னை அடிச்சுக்கோ."

"இன்னொரு பாட்டு பாடச் சொல்லுடா."

அவனுக்குப் புரியவில்லை. "வெஸ்லியவா?"

"அவன் வாயசைக்கட்டும்" என்றேன்.