இடது கால்

சின்ன வயதில் முறிந்து கோணலாகக் கூடிய இடது காலை வைத்துத்தான் பெனிட்டா ஒரு தெரு நடன அடியை உருவாக்கியிருந்தாள். ஓர் இழுப்பு, ஒரு சறுக்கல், சட்டென்று ஒரு நிறுத்தம். ராயபுரம் மாலை நடன வகுப்பில் தினமும் அவளோடு ஆடிப் பழகியவன் லோகு என்கிற லோகநாதன். அசைவு உரிமைப் பதிவகத்தில் அடியை இருவர் பெயரிலும் பதிந்துவிடுவதாகச் சொன்னவனும் அவன்தான்.

போட்டி மேடையில் அவள் ஆடத் தொடங்கியதுமே மேடைக் கேமரா அவள் பக்கம் திரும்பியது; பாட்டு நின்றது.

"இந்த அசைவு லோகநாதனுக்குச் சொந்தம்," என்றது ஒலிபெருக்கி.

தான்தான் தப்பாக வைத்துவிட்டோமோ என்று அடியை மறுபடி வைத்துப் பார்த்தாள். மறுபடியும் அதே குரல்.

"இன்னாடா இது?" என்றாள் மேடையோரம் நின்ற லோகுவிடம்.

"ஒரு பேருதான் போட முடிஞ்சுது பெனி. நான் பர்மிஷன் தரேன், நீ ஆடு."

"என் காலுடா அது!"

"அத்த ஸ்டெப்பாக்குனது யாரு?"

பெனிட்டா மேடையிலிருந்து இறங்கி, பஸ் நிறுத்தத்தை நோக்கி நடந்தாள். வேகமாக நடந்தால் கால் இன்னும் இழுக்கும். தெருமுனைக் கேமரா அவள் பக்கம் திரும்பியது.

"இந்த அசைவு லோகநாதனுக்குச் சொந்தம்."

தெருவே திரும்பிப் பார்த்தது. அவள் அப்படியே நின்றாள். கைபேசியில் லோகுவின் குரல் வந்தது.

"நடந்துக்கோ பெனி. வீடு வரிக்கும் பர்மிஷன் போட்டுட்டேன்."