கருவிக்கு வைத்த பொட்டு

"யாரு இதுக்குப் பொட்டு வச்சது?"

நந்தினி போட்ட சத்தத்தில், கூட்டிக்கொண்டிருந்த பொன்னி துடைப்பத்தோடு சுவரில் ஒண்டினாள்.

கிரிவல மலைக்குப் பக்கத்தில், வேங்கிக்காலில் ஒரு வாடகை வீட்டு மாடியில் நடக்கிற சின்ன கம்பெனி அது. குட்டிச் செயற்கைக்கோளுக்குக் கருவி செய்கிறார்கள். வானத்துக்கு மேலே மின்சாரம் ஏறின வாயு, பிளாஸ்மா என்று ஒன்று இருக்கிறதாம். அதை அளக்கிற கருவி. குக்கர் அளவு இருந்ததைக் குறைத்துக் குறைத்து சோப்பு டப்பா அளவுக்குக் கொண்டுவந்தவள் நந்தினி.

அதில் நீட்டிக்கொண்டிருக்கிற ஊசியில் விரல் பட்டாலே அளவு தப்பிவிடும். அதனால் நெற்றியில் விபூதியோடு வந்தால்கூட கழுவிவிட்டுத்தான் உள்ளே வர வேண்டும்.

அந்தக் கருவிதான் இப்போது சந்தனமும் குங்குமமுமாக மேசைமேல் ஜம்மென்று உட்கார்ந்திருந்தது.

"நான்தான்க்கா..." பொன்னி முணுமுணுத்தாள். "நேத்து மலை சுத்திட்டு வந்தேன். கோயில் குங்குமம்..."

"லாரிக்குப் பூசற மாதிரி பூசி வச்சிருக்கியே! மத்தியானம் இதைப் பெங்களூருக்கு எடுத்துட்டுப் போக வண்டி வருது. இந்தத் தூள் கொஞ்சம் ஊசியில ஒட்டுனா போதும், மேல போய் கண்டபடி உளறும். இந்த தடவை விட்டா அந்த சாட்டிலைட்ல நமக்கு இடமே கிடையாது, தெரியுமா?"

"அக்கா, அது வந்து..."

"பேசாத! கொழந்தைக்கு ஜுரம்னு ஒரே ஒரு நாள் லீவு போட்டேன். ஒரே நாள்!" "நாளையிலேருந்து நீ வேலைக்கு வராத."

பொன்னி துடைப்பத்தை ஓரமாகச் சாத்திவிட்டு, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

டீ பிளாஸ்க்கோடு படியேறி வந்தான், கூட வேலை செய்கிற விமல்ராஜ்.

"என்னக்கா, தெருமுனை வரைக்கும் கேக்குது?"

நந்தினி மேசையைக் காட்டினாள். அவன் குனிந்து பார்த்தான். சிரித்துவிட்டான்.

"ஐய, இது போறது இல்லக்கா! போறத நேத்து சாயங்காலமே பேக் பண்ணி பீரோல வச்சுப் பூட்டிட்டேன். இது அதோட ஜோடி. இங்கயே இருக்கப்போறது. துடைச்சுக்கலாம், ஒண்ணும் ஆவாது."

பீரோவைத் திறந்து காட்டினான். ஒட்டின டேப்புகூடப் பிரியாமல் பெட்டி பத்திரமாக இருந்தது.

நந்தினி நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தாள்.

"இதைச் சொல்றதுக்கு என்ன பொன்னி?"

"நீங்க பேச விட்டாத்தானேக்கா."

விமல்ராஜ் சிரிப்பை அடக்கிக்கொண்டு டீயை ஊற்றினான். முதல் டம்ளரை நந்தினி வாங்கி, பொன்னியிடம் நீட்டினாள்.

"கோவத்துல சொன்னது, மனசுல வச்சுக்காத. நாளைக்கு எப்பவும்போல வந்துடு. ஆமா, எது போவுது, எது இங்க நிக்குதுன்னு தெரிஞ்சேதான் வச்சியா?"

"தெரியும்க்கா. விமல் அண்ணன் நேத்தே சொன்னாரு."

"போறதுக்கு வச்சிருந்தாலாவது ஒரு அர்த்தம் இருக்கு. சும்மா கெடக்கப்போறதுக்கு ஏம்மா பொட்டு?"

பொன்னி டம்ளரைப் பார்த்துக்கொண்டே மெதுவாகச் சொன்னாள்.

"போறத வழியனுப்ப நீங்க எல்லாரும் இருக்கீங்க. மேல அதுக்கு ஒண்ணுன்னா, இதை வச்சுப் பாத்துத்தான் இங்கேருந்தே சரி பண்ணுவீங்களாமே... வீட்லயே இருந்து பாத்துக்கிறதுக்கு யாருமே பொட்டு வைக்கலியேன்னுதான்க்கா."