கரையில் எண்ணியது

கடலுக்குப் போனவர்களில் ஒருவர் குறைந்தாலும் உடனே தேடிப் போகலாமே என்று, சாய்ந்தமருதுக் கரையில் ஆள் எண்ணும் கமெரா ஒன்றை வைத்தார்கள். கூடினால் என்ன செய்வதென்று யாரும் யோசிக்கவில்லை.

அதற்குப் புரோகிராம் எழுதியவள் நிஹ்லா. எந்தக் கணினியிலும் ஓடட்டும் என்று பொதுவாகக் கம்பைல் பண்ணியிருந்ததால் அது திணறியது. பாதிக் காட்சிகளைத் தவறவிட்டது. கமெராப் பெட்டிக்குள் இருக்கும் அந்தச் சின்னப் புரொசசருக்கென்றே, அளவெடுத்துத் தைப்பதுபோல், மறுபடி கம்பைல் பண்ணினாள். இப்போது ஒரு காட்சியும் தப்புவதில்லை. அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை.

காலையில் அவளுடைய அண்ணன், றாஸிக் காக்காவின் தோணி வந்தது. போனவர்கள் ஐந்து பேர். ஐந்து பேரும் இறங்கி மணலில் நின்றார்கள். கமெராவின் திரை ஆறு என்று காட்டியது. அதே காட்சியைப் பழைய புரோகிராமில் போட்டுப் பார்த்தாள்: ஐந்து. புதியதில் மறுபடியும் ஆறு.

"காக்கா, இது பிழையா எண்ணுது. ஆறாம்."

றாஸிக் வலையைக் கீழே வைத்தான். "இவ்வளவு நாளும் அஞ்சு எண்டு காட்டிச்சே, அதுதான் பிழை. இப்பதான் உன்ட மெஷின் சரியா எண்ணுது."

நிஹ்லாவுக்கு முகமெல்லாம் பெருமை.

அவன் திரும்பி, வெறும் தோணியை நோக்கிக் கையை நீட்டினான்.

"மெல்ல இறங்கு மச்சான். என்ட தங்கச்சி உன்னையும் எண்ணிட்டா."