பதினொன்றரை கிலோ கட்லா

“பாய், சோலைமுத்து அண்ணனுக்கு உடனே எட்டாயிரம் அனுப்பணுமாம். மெயில் வந்திருக்கு.”

மணிமேகலை சொன்னதும் அப்பாஸ் டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டார். மெயில், பணம் இரண்டையும் ஒரே மூச்சில் கேட்டாலே இப்போதெல்லாம் அவருக்கு டீ இறங்காது.

காரணம் உண்டு. திண்டுக்கல்லில் பெல்ட், பர்ஸ் கடை வைத்திருக்கும் அப்பாஸ்தான் ‘தூண்டில் நண்பர்கள்’ குழுவுக்குத் தலைவர். ஞாயிறுதோறும் செம்பட்டியில் இந்த டீக்கடையில் கூடி, ஆத்தூர் அணைக்கு மீன் பிடிக்கப் போகும் பன்னிரண்டு பேர் கொண்ட குழு. போன மாதம், குழுவுக்கு வெளிநாட்டுத் தூண்டில் பரிசு விழுந்திருப்பதாக ஒரு மெயில் வந்தது. கஸ்டம்ஸுக்குக் கட்ட வேண்டுமென்று அவர்கள் கேட்ட மூவாயிரத்து ஐநூறை, குழுப் பணத்திலிருந்து அனுப்பி வைத்தார் அப்பாஸ். தூண்டில் இன்றுவரை வரவில்லை. ‘கஸ்டம்ஸ் பாய்’ என்ற பெயர் மட்டும் மறுநாளே வந்துவிட்டது.

இன்னொரு முறை ஏமாந்தால் இந்தப் பக்கம் தலைகாட்ட முடியாது.

மணிமேகலை மெயிலைப் படித்துக் காட்டினாள். சின்னாளப்பட்டியில் சுங்குடிச் சேலை வியாபாரம் செய்பவள். குழுவின் மெயிலைப் பார்த்துக்கொள்வதும் அவள்தான். நான்கு நாள் முன்பு தனியாகப் பூரி ஜகந்நாதர் கோயிலுக்குப் போன சோலைமுத்து, புவனேஸ்வர் ஸ்டேஷனில் பையைப் பறிகொடுத்துவிட்டாராம். பர்ஸ், போன், துணிமணி எல்லாம் போய்விட்டது. நேற்றிலிருந்து பட்டினி. ஒரு நெட் சென்டர்காரர் இரக்கப்பட்டுத் தன் மெயிலைத் தந்திருக்கிறார். அவர் கணக்குக்கே பணத்தைப் போடச் சொல்லியிருந்தது.

“அவருதான் பாய். தமிழை இங்கிலீஷ் எழுத்துல அடிச்சிருக்காரு. ஒடிசாக்காரனுக்குத் தமிழ் எங்க தெரியும்?”

“இப்பத்தான் போனே எல்லாப் பாசையும் பேசுதேம்மா. சொந்தப் பொஞ்சாதி நம்பரே தெரியாத மனுசன். நம்ம மெயில் ஐடி மட்டும் எப்படி ஞாபகம் இருக்கும்?”

அதற்கும் மெயிலில் பதில் இருந்தது. குழுவின் டி-ஷர்ட்டில், முதுகுப் பக்கம் அச்சடித்திருப்பதைக் கழற்றிப் பார்த்து அடித்தாராம்.

“பையோட டி-ஷர்ட்டும் போயிருந்தா, திருடனும் அதைப் பார்த்துத்தான் அடிப்பான்” என்றார் அப்பாஸ்.

சோலைமுத்துவின் போனுக்கு அடித்துப் பார்த்தார். அணைத்து வைத்திருப்பதாகச் சொன்னது. வீட்டுக்கு அடித்தார். அவர் மனைவி பேச்சாயி, இரண்டு நாளாகப் பேச்சுமூச்சு இல்லையென்றும், கோயிலுக்கே தூண்டிலைத் தோளில் மாட்டிக்கொண்டு போன ஆள், தண்ணீரைக் கண்டால் குடும்பத்தை மறந்துவிடுவார் என்றும் சொல்லிப் போனை வைத்துவிட்டாள்.

உங்கள் நம்பரை அனுப்பினால் நானே பேசுகிறேன் என்று மெயிலின் கடைசி வரி கெஞ்சியது. நம்பர் கொடுத்தால் அடுத்து ஓ.டி.பி. கேட்பான் என்று அப்பாஸ் தடுத்துவிட்டார்.

மணிமேகலைக்கு மனசு கேட்கவில்லை. “நெசமாவே அவரா இருந்தா பாவம் பாய். அவருக்கு மட்டும் தெரிஞ்ச ஒண்ணைக் கேட்டுப் பாப்போம்.”

இது அப்பாஸுக்குப் பிடித்தது. செத்த நேரம் தாடியைத் தடவியவர், “அந்தக் கட்லா எத்தனை கிலோன்னு கேளு” என்றார்.

போன தை மாதம் ஆத்தூர் அணையில் சோலைமுத்து தன்னந்தனியாகப் பிடித்த கட்லா. இரண்டு மணி நேரம் இழுத்ததையும், தூண்டில் நரம்பு அறுத்து உள்ளங்கையில் ரத்தம் வந்ததையும் அவர் சொல்லாத ஞாயிறு கிடையாது. அந்த மீனோடு அவர் நிற்கும் படம்தான் குழு டி-ஷர்ட்டின் முன்பக்கம். எடை பதினொன்றரை கிலோ. தூக்கத்தில் தட்டிக் கேட்டாலும் சொல்வார்.

மணிமேகலை கேள்வியை அனுப்பினாள். ஐந்தே நிமிடத்தில் பதில் வந்தது.

‘மூணு கிலோ. சீக்கிரம் அனுப்புங்க பாய், கண்ணு இருட்டிக்கிட்டு வருது.’

அப்பாஸ் ஒரு மாதத்துக்குப் பிறகு வாய்விட்டுச் சிரித்தார். அடுத்த முறை தராசோடு வந்து ஏமாற்றச் சொல்லிப் பதில் போட வைத்தார். கையோடு அந்த முகவரியைத் தடுத்தும் விடச் சொன்னார். செய்தி பரவியது. குழுவே கூடி ‘கஸ்டம்ஸ் பாய்’ பட்டத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. அன்றைய டீ, வடை எல்லாம் அவருக்கு இலவசம்.

புதன்கிழமை காலை, அப்பாஸ் கடையைத் திறந்துகொண்டிருந்தபோது வாசலில் சோலைமுத்து நின்றார். கன்னம் ஒட்டி, தாடி முளைத்து, அதே டி-ஷர்ட்டில். தோளில் தூண்டில் இல்லை. திருடன் விட்டுவைத்தது அது ஒன்றுதானாம். அதை வந்த விலைக்கு விற்று டிக்கெட் எடுத்து, பன்னும் தண்ணீருமாக ஊர் வந்து சேர்ந்திருக்கிறார்.

அப்பாஸுக்குப் பகீரென்றது. அவரை உட்காரவைத்து, இட்லி வாங்கி வரச் செய்து, புதுத் தூண்டில் தன் செலவு என்று கையைப் பிடித்துக்கொண்டார். பதினோராவது இட்லி உள்ளே போனதும், பொறுக்கமாட்டாமல் கேட்டார்.

“என் தப்புதான் சோலை, ஒத்துக்கிறேன். ஆனா, பதினொன்றரைன்னு ஒரு வார்த்தை எழுதியிருந்தா அடுத்த நிமிசமே பணம் வந்திருக்குமே. எதுக்குய்யா மூணு கிலோன்னு எழுதுன?”

சோலைமுத்து குனிந்து, டி-ஷர்ட்டில் இருந்த மீனைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

“கொலப்பட்டினி பாய். அந்த நெலமையிலயும் பொய் சொல்ல மனசு வரலை.”